மடிநாய் பெற்ற உத்தியோகம்

மனிதனுக்கு உபகாரம் செய்யும் நாய் என்று சொன்ன மாத்திரத்தில் நம்மில் பெரும்பாலோருடைய மனக்கண் முன் வந்து நிற்பது, தோல்வாரும் கைப்பிடியும் பூண்டு, பார்வையிழந்த ஒருவரைத் தெருச் சந்தடியினூடே நிதானமாக நடத்திச் செல்லும் உயரமான நாயே யன்றி, சீமாட்டி ஒருத்தியின் மடியிலே சுருண்டு கிடக்கும் கையகல நாய் அன்று. சிறுநாயைப் பற்றி உலகம் கொண்டிருக்கும் அபிப்பிராயமெல்லாம், அது செல்வர் வீட்டு அலங்காரம், விருந்தாளியைக் கண்டு ஓயாமல் குரைப்பதைத் தவிர வேறு தொழில் அறியாத பிராணி என்பதுதான். வேட்டைக்கும் காவலுக்குமே நாயை வளர்த்து, ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை என்று ஊர்ப்பெயராலேயே அதன் ஜாதியைக் குறித்து வந்த நம்மவருக்கு மடிநாய் இன்னும் ஒரு படி அந்நியமானது. ஆயினும், மனநோயால் வருந்துகிறவர்களுக்குத் துணையாக இன்று அமெரிக்காவில் சட்டத்தின் அங்கீகாரத்தோடு பணிபுரியும் நாய்களுள், ஏழெட்டு ராத்தல் எடைக்கு மேற்படாத சிறு ஜாதிகளும் இருக்கின்றன. மனநலச் சேவைக்குச் சிறுநாயைத் தேர்ந்தெடுப்பது வெறும் புதுமோகம் என்று எண்ணுகிறவர்கள், நோயுற்ற மனத்துக்கும் நாய்க்கும் உள்ள தொடர்பின் பழைய வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பார்களானால், இந்தப் பணிக்கு உண்மையில் பிந்தி வந்தது பெரிய நாய்தான் என்பதைக் காண்பார்கள்.

இங்கிலாந்தில் ஆறாம் எட்வர்டு, மேரி, எலிசபெத் ஆகிய மூவருடைய ஆட்சியிலும் அரண்மனை வைத்தியராக விளங்கிய ஜான் கேயஸ் என்பவர், ஸூரிச் நகரத்து இயற்கைநூற் புலவராகிய கான்ராட் கெஸ்னருடைய பொருட்டுத் தம் நாட்டு நாய்களைப் பற்றி லத்தீன் மொழியில் ஒரு சிறு நூல் எழுதினார். 1570-ஆம் ஆண்டில் அச்சான அந்நூலை, ஆறாண்டுகள் கழித்து ஆபிரகாம் பிளெமிங் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். வேட்டை நாய்களையும், ஆட்டுமந்தை காக்கும் நாய்களையும், வீட்டுக்காவல் நாய்களையும் வகைப்படுத்திச் செல்லும் அந்நூலில், சீமாட்டிகள் மார்போடு அணைத்து வைத்துக்கொள்ளும் சிறு ஸ்பானியல் நாய்க்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த ஜாதிக்கு அக்காலத்தில் வழங்கிய பெயர்களுள் ஒன்று, தேற்றுவது என்னும் பொருளுடையது. இந்த நாய்களோடு பொழுதைப் போக்கும் பெண்களை நூல் வெகுவாகப் பரிகசிக்கிறது. பரிகசித்துவிட்டு, உடனேயே வைத்தியருக்குரிய குரலில், இந்தச் சிறுநாயை வயிற்றின்மேல் அடிக்கடி வைத்துக்கொண்டால் வயிற்றுநோய் தணியும் என்றும், நோயாளியின் உடம்பிலிருந்து நோய் இடம்பெயர்ந்து நாய்க்குள் இறங்கிவிடும் என்றும், வெளிக்காயம் ஏதுமின்றியே இந்நாய்கள் சில சமயம் நோயுற்று இறந்துபோவது இதற்குச் சான்றாகும் என்றும் கூறுகிறது. நோய் இடம்பெயரும் என்ற சித்தாந்தத்தைக் கண்டு நாம் சிரிக்கலாம். ஆனால் வெதுவெதுப்பான சிறிய உயிர் ஒன்று உடம்போடு உடம்பாக அழுந்திக் கிடக்கும்போது துன்பம் தணிகிறது என்ற அனுபவம், சித்தாந்தத்துக்கு முன்னரே இருந்திருக்கவேண்டும். அந்த அனுபவத்துக்குக் காரணம் கற்பிக்கவே அக்காலத்து வைத்தியம் தன்னிடமிருந்த கோட்பாட்டை நீட்டியது என்று கொள்வதே நியாயம். 1587-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து அரசி மேரி சிரச்சேதம் செய்யப்பட்டபோது, அவளுடைய ஆடைமடிப்புகளுக்குள்ளிருந்து ஒரு சிறுநாய் வெளிப்பட்டதென்றும், அது உடலை விட்டு அகல மறுத்ததென்றும் அங்கிருந்தவர் எழுதிய வர்ணனையால் அறிகிறோம். கொலைக்களம் வரைக்கும் ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லத்தக்க துணை வேறு எதுவும் அந்த அரசிக்கு இல்லை.

வைத்திய சாஸ்திரம் வளர்ந்த பிறகு சிறுநாயின் இந்த மருத்துவப் பெருமை மறைந்துவிட்டது. வழக்கம் மட்டும் மறையவில்லை. இதற்கு ஆங்கில இலக்கிய உலகத்திலிருந்தே ஓர் உதாரணம் காட்டலாம். கவி எலிசபெத் பாரெட், தேகசௌக்கியத்துக்காக டார்க்கீ என்னும் கடற்கரை ஊரில் தங்கியிருந்த காலத்தில், தன்னோடு இருக்கவேண்டும் என்று மன்றாடி நிறுத்திவைத்துக்கொண்ட சகோதரன் எட்வர்டு, 1840-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் படகு கவிழ்ந்து இறந்தான். அவனைப் போகவிடாமல் தடுத்தவள் தானே என்ற எண்ணம் அவளை வதைத்தது. பல மாதங்கள் அவள் படுக்கையோடு படுக்கையாகக் கிடந்தாள். அவளுடைய தோழியும் எழுத்தாளருமான மேரி ரஸ்ஸல் மிட்போர்டு, தம் வீட்டில் பிறந்த காக்கர் ஸ்பானியல் குட்டி ஒன்றை மறு ஆண்டின் தொடக்கத்தில் அனுப்பிவைத்தார். பிளஷ் என்ற அந்த நாய் லண்டனில் விம்போல் தெரு வீட்டின் இருண்ட அறையிலே, வெளியில் ஓடித் திரியும் தன் ஜாதிக்குணத்தை யெல்லாம் அடக்கிக்கொண்டு, அவள் காலடியிலேயே வருஷக்கணக்கில் கிடந்தது. நாய்த் திருடர்கள் அதை மூன்று முறை பிடித்துச் சென்று பணம் பறித்தார்கள். மூன்றாம் முறை, தந்தையும் சகோதரர்களும் காதலரும் தடுத்தும் கேளாமல், அறையைவிட்டு வெளியேறுவதற்கே அஞ்சிக்கொண்டிருந்த அந்தப் பெண், தானே வண்டியேறித் திருடர்கள் வாழும் சேரிக்குச் சென்றாள். அது 1846-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். அந்த மாதத்திலேயே அவள் ராபர்ட் பிரௌனிங்கை ரகசியமாக மணந்துகொண்டு, நாயையும் உடன் எடுத்துக்கொண்டு இத்தாலிக்குப் புறப்பட்டுவிட்டாள். நாய்தான் அவளைக் குணப்படுத்தியது என்று சொல்வது மிகையாகும். படுக்கையிலிருந்து அவளை எழுப்பிய காரணங்களில் அதுவும் ஒன்று என்பதை மறுப்பது அதைக்காட்டிலும் மிகையாகும்.

தனிமனிதர் வீட்டு வழக்கமாக இருந்த இதனைச் சிகிச்சை நிலையத்துக்குள் கொண்டுவந்த பெருமை, யார்க் நகரத்துக் குவேக்கர் சமயத்தாரைச் சேரும். அந்நகரத்துப் பித்தர் காப்பகத்தில் ஹன்னா மில்ஸ் என்ற குவேக்கர் பெண் 1790-ஆம் ஆண்டில் இறந்தாள். அவளைப் பார்க்க வந்த சமயத்தாருக்கு அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. இதனால் மனம் நொந்த தேயிலை வியாபாரி வில்லியம் டியூக், தம் சமயத்தாரைத் திரட்டி 1796-இல் வேறொரு காப்பகம் திறந்தார். விலங்கு பூட்டி அடித்து அடக்குவதே சிகிச்சையென்று கருதப்பட்ட அக்காலத்தில், நோயாளியை அன்பினாலும் வேலையினாலும் நல்ல உணவினாலும் தன்வயப்படுத்தலாம் என்பது அங்கே கொள்கையாயிற்று. அவருடைய பேரர் சாமுவேல் டியூக் 1813-இல் எழுதிய வர்ணனையில், நோயாளிகள் உலாவும் முற்றங்களில் முயல், கடற்புறா, பருந்து, கோழி ஆகியவற்றை விட்டிருந்தார்கள் என்றும், அவற்றோடு பழகுவதால் அவர்களிடத்தில் பரிவும் கூடிவாழும் இயல்பும் விழித்தெழுகின்றன என்றும் குறிப்பிடுகிறார். பருந்துக்குக் கிடைத்த இடம் அந்தப் பட்டியலில் நாய்க்குக் கிடைக்கவில்லை என்பது வேடிக்கையே. சுமார் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் பிளாரன்ஸ் நைட்டிங்கேல், நோயாளிகளைப் பேணுவது பற்றிய தம் நூலில், நெடுநாள் நோயாளிக்குச் சிறு வளர்ப்புப் பிராணி மிகச் சிறந்த துணை என்று எழுதியபோது, சிறியது என்பதை எடுத்துச் சொல்ல மறக்கவில்லை. படுக்கையின்மேல் இடம் எவ்வளவு என்பதை அறிந்த தாதி அல்லவா அவர்!

உபகார நாய் பெரிதாக இருக்கவேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? முதல் உலக யுத்தத்திலிருந்து வந்தது. விஷவாயுவாலும் குண்டுவீச்சாலும் கண்ணிழந்த போர்வீரர்களுக்கென்று, ஜெர்மனியில் ஓல்டன்பர்க் நகரத்தில் டாக்டர் கெர்ஹார்டு ஸ்டாலிங் 1916-இல் வழிகாட்டி நாய்ப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ஜெர்மன் பள்ளிகளின் முறையை நேரில் கண்ட அமெரிக்கச் சீமாட்டி டாரதி யூஸ்டிஸ் 1927-இல் ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுத, அதைக் கேள்வியுற்ற மாரிஸ் பிராங்க் என்ற கண்பார்வையற்ற இளைஞர் சுவிட்ஜர்லாந்தில் இருந்த அவரிடம் சென்று பட்டி என்னும் பெண் நாயுடன் திரும்பி வந்தார். 1929-இல் அமெரிக்காவின் முதல் வழிகாட்டி நாய் ஸ்தாபனம் உருவாயிற்று. இந்தத் தொழிலில் நாய்க்கும் மனிதனுக்கும் இடையே செய்தி செல்வது ஒரு விறைப்பான கைப்பிடியின் மூலமாக. அது நின்றநிலையில் மனிதன் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கவேண்டும். ஆகவே நாயும் உயரமாக இருந்தே தீரவேண்டும். கைப்பிடியின் நிமித்தம் ஏற்பட்ட இந்த உயரம், கைப்பிடியே தேவைப்படாத பிற தொழில்களுக்கும் இலக்கணமாக நிலைத்துவிட்டது. கடைக்காரரும் பஸ் கண்டக்டரும் ஓட்டல் சிப்பந்தியும் சேவை நாய் என்றால் ஜெர்மன் ஷெப்பர்டு, அல்லது பின்னர் பிரபலமான லாப்ரடார் என்றே அறிந்து வைத்திருந்தார்கள்.

யுத்தமே வளர்த்த இந்த எண்ணத்தை அடுத்த யுத்தத்தில் தகர்க்க வந்தது போல வந்து சேர்ந்தது, நான்கு ராத்தல் எடையும் ஏழு அங்குல உயரமும் கொண்ட ஒரு யார்க்ஷயர் டெரியர். இந்த ஜாதி பிரபுக்கள் வீட்டில் பிறந்ததன்று. வேலை தேடி யார்க்ஷயர் நெசவாலைகளுக்கு வந்த ஸ்காட்லாந்துத் தொழிலாளர், ஆலைகளிலும் சுரங்கங்களிலும் எலி பிடிப்பதற்காகத் தங்களுடன் கொண்டுவந்த டெரியர்களின் வழித்தோன்றலே அது. 1865-இல் பிறந்து ஆறே ஆண்டுகள் வாழ்ந்து வண்டியில் அடிபட்டு இறந்த ஹடர்ஸ்பீல்டு பென் என்னும் நாய், நீண்ட பட்டுமயிரோடு எலிவேட்டைத் திறத்தையும் தன் சந்ததிக்கு விட்டுச் சென்றது. சீமாட்டியின் மடி பின்னாளில் கிடைத்த பதவி.

1944-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நியூகினித் தீவின் காட்டிலே, கைவிடப்பட்ட பதுங்குகுழி ஒன்றிலிருந்து ஏறி வரமாட்டாமல் தவித்துக்கொண்டிருந்த இந்த ஜாதி நாயை அமெரிக்க வீரன் ஒருவன் கண்டெடுத்தான். அது எதிரிகளின் நாயோ என்று ஐயுற்றுப் பார்த்ததில், அதற்கு ஜப்பானிய மொழியும் தெரியவில்லை, ஆங்கிலமும் தெரியவில்லை. சீட்டாட்டத்துக்குப் பணம் வேண்டியிருந்த ஒரு சார்ஜண்டு, இரண்டு ஆஸ்திரேலியப் பவுனுக்கு அதை ஓஹையோ மாகாணத்தைச் சேர்ந்த வில்லியம் வின் என்ற இளைஞரிடம் விற்றுவிட்டார். வின் அதற்கு ஸ்மோக்கி என்று பெயரிட்டார். தமக்கு அளந்து கிடைத்த டப்பா உணவில் அதற்குப் பங்கு கொடுத்து, இரும்புத் தொப்பியில் நீர் நிரப்பிக் குளிப்பாட்டி, சீட்டாடும் மேஜையின் பச்சை விரிப்பைப் படுக்கையாக்கி, போரின் ஓய்வு வேளைகளில் அதற்கு வித்தைகள் கற்பித்தார்.

பின்னர் வின் டெங்குக் காய்ச்சலில் விழுந்து படை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நண்பர்கள் ஸ்மோக்கியை அவரிடம் கொண்டுவந்து காட்டினார்கள். கண்ட தாதிகள், பயாக் தீவுப் போரில் காயமுற்று வந்து கிடந்த வீரர்களிடமும் அதை எடுத்துச் செல்லலாமா என்று கேட்டார்கள். பேர்பெற்ற மேயோ வைத்தியக் குடும்பத்தைச் சேர்ந்த டாக்டர் சார்லஸ் மேயோ அங்கே அதிகாரியாக இருந்தார். நாய் வார்டுகளில் சுற்றிவரவும், இரவில் வின்னின் கட்டிலிலேயே படுத்துக்கொள்ளவும் அவர் அனுமதி அளித்தார். காலையில் தாதிகள் வந்து எடுத்துப் போவார்கள். கட்டில் கட்டிலாகச் சென்றபின் மாலையில் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். பெரிய நாயாக இருந்தால் தரையில் நின்று தலையை மட்டுமே நீட்டியிருக்கும். இது கட்டுப்போட்ட கைக்கும் விலாவுக்கும் இடையே உள்ள சந்தில் அடங்கிப் படுத்தது. சிகிச்சைத் துணை நாய்களின் வரலாற்றில் முதற்பெயராக ஸ்மோக்கியின் பெயரையே பலரும் எழுதுகிறார்கள்.

அதே நாய் மறு ஆண்டில் பிலிப்பைன்ஸில் லிங்காயென் வளைகுடாவை அடுத்த விமானத்தளத்தில் செய்த காரியத்தையும் இங்கே சொல்லவேண்டும். விமானங்கள் ஓடும் பாதையின் அடியில் 70 அடி நீளமும் 8 அங்குல விட்டமும் உள்ள குழாய் ஒன்று கிடந்தது. அதற்குள் தந்திக் கம்பியைச் செலுத்தவேண்டும். தோண்டி எடுப்பதென்றால் பல ஆட்களுக்குச் சில நாள் வேலை. அதுவரையில் விமானங்களும் ஆட்களும் எதிரியின் குண்டுக்கு இலக்காக வெளியில் நிற்கவேண்டும். குழாயின் இணைப்புகளில் மண் சரிந்து, சிலவிடத்தில் நான்கு அங்குல இடைவெளியே எஞ்சியிருந்தது. வின், நாயின் கழுத்துப் பட்டையில் கயிற்றைக் கட்டி, அதை ஒரு முனையில் விட்டுவிட்டு மறுமுனைக்கு ஓடிச்சென்று, தரையில் கவிழ்ந்து படுத்துக் குழாய்க்குள் வாயை வைத்துக் கூப்பிட்டார். முதலில் சில அடி வந்து திரும்பிப் பார்த்த ஸ்மோக்கி, பின்பு கயிறு எங்கோ சிக்கியபோது நின்று, அவருடைய குரலைக் கேட்டு மீண்டும் ஊர்ந்து, கடைசி சில அடிகளை ஓட்டமாக ஓடி வெளிவந்தது. ஆறுதலும் வேலையும் வெவ்வேறு நாய்களின் தொழில் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. பிற்காலத்துச் சட்டம் இந்த இரண்டையும்தான் கோடு கிழித்துப் பிரிக்கப் போகிறது.

யுத்தம் முடிந்தபின் வைத்திய உலகம் இதையெல்லாம் மறந்துவிட்டது என்றே சொல்லவேண்டும். நியூயார்க்கில் குழந்தைகளின் மனநோய்க்குச் சிகிச்சை செய்துவந்த போரிஸ் லெவின்ஸன், எவரோடும் பேசாமல் ஒடுங்கியிருந்த சிறுவன் ஒருவன் தம் நாய் ஜிங்கிள்ஸைக் கண்டதும் அதனோடு கொஞ்சத் தொடங்கியதைத் தற்செயலாகக் கவனித்து, நாயையே சிகிச்சையில் துணைவனாக்கிக்கொண்ட செய்தியை 1961-இல் உளவியலார் மகாநாடு ஒன்றில் வாசித்தார். சபையில் பரிகாசம் எழுந்தது. வாங்கும் கட்டணத்தில் நாய்க்கு எத்தனை பங்கு என்று ஒருவர் கேட்டதாகப் பிற்காலத்தார் எழுதியிருக்கிறார்கள். கேயஸ் காலத்திலும் பரிகாசம் முன்னே வந்து, பிரயோஜனம் பின்னே வந்தது.

எழுபதுகளில் ஓஹையோ ஸ்டேட் சர்வகலாசாலையில் சாமுவேல் கார்ஸன், எலிசபெத் கார்ஸன் தம்பதிகள் இன்னும் முறையாக இதைச் சோதித்தார்கள். வேறோர் ஆராய்ச்சிக்காக அவர்கள் வைத்திருந்த நாய்களின் குரைப்பைக் கேட்ட மனநோய் வார்டு வாசிகள் சிலர், அவற்றைப் பார்க்கவும் அவற்றோடு விளையாடவும் வேண்டுமென்று கேட்டது முதற்கொண்டு அந்தச் சோதனை பிறந்தது. பல நாளாகப் படுக்கையை விட்டு எழாமல், மருந்துக்கு வசப்படாமல், கேட்ட கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிக்கொண்டு கிடந்த பத்தொன்பது வயது இளைஞன் ஒருவனுடைய கட்டிலருகே, கம்பிமயிர் பாக்ஸ் டெரியர் ஒன்றை வைத்தியர் கொண்டுவந்தார். இளைஞன் முழங்கையை ஊன்றி எழுந்து சிரித்தான். நாய் தாவி அவன் முகத்தையும் காதையும் நக்கியது. இதை எங்கே வைத்துக்கொள்வது என்று அவன் தானாகக் கேட்டான். கட்டிலை விட்டிறங்கி நாயின் பின்னே நடக்கவும் செய்தான். கட்டிலுக்கு மேலே தாவும் சிறுநாயாக அது இருந்தது, இந்தக் கதையில் அற்பமான செய்தி அன்று என்பது என் கருத்து.

இதே எழுபதுகளில், காது கேளாதவர்களுக்கென்று நாய்களைப் பழக்கத் தொடங்கியவர்கள், அநாதை நாய்க் காப்பகங்களிலிருந்து சிறு டெரியர்க் கலப்பு நாய்களைப் பொறுக்கி எடுத்தார்கள். கதவு தட்டப்படுவதையும் குழந்தை அழுவதையும் ஓடிவந்து தொட்டுச் சொல்லும் நாய்க்கு உயரம் எதற்கு? துறுதுறுப்புத்தான் வேண்டும். கைப்பிடி விதித்த இலக்கணம் அப்போதே ஒரு பக்கம் உடைந்தது.

1990-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி கையொப்பமான மாற்றுத்திறனாளி அமெரிக்கர் சட்டம் மனக்குறைபாட்டையும் உடற்குறைபாட்டோடு ஒருங்கே வைத்து எண்ணியது. அதன் விதிகள், குறைபாடுடையவருக்காகத் தனியே பழக்கப்பட்ட பிராணியைச் சேவைப் பிராணி என்று வரையறுத்துப் பொது இடங்களுக்குள் அனுமதித்தன. இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, வியத்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள் பட்ட அல்லல்களின் விளைவாக, பேரதிர்ச்சிக்குப் பின் தொடரும் மனக்கோளாறு என்பது மனநோய் வைத்தியர்களின் அதிகாரபூர்வமான பட்டியலில் ஏறியிருந்தது. இவ்விரண்டும் சேர்ந்தபோது, நோயாளிகள் தம் வீட்டில் வளர்ந்த நாய்களையே பழக்கிச் சேவைக்கு உரியனவாக்கும் வழக்கம் பரவலாயிற்று. வீட்டு நாய்களில் சிறியவையும் பல இருந்தன. திருத்தப்பட்ட விதிகள் 2011-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் தேதி அமலுக்கு வந்தபோது, நாயன்றிப் பிற பிராணிகள் விலக்கப்பட்டன. குள்ளக் குதிரைக்கு மட்டும் தனியே ஒரு சலுகை கிடைத்தது. நாய்க்கு உயரம், எடை, ஜாதி என்ற எந்த வரம்பும் விதிக்கப்படவில்லை. அப்படி வரம்பு விதிக்கவேண்டும் என்ற யோசனை வந்தும், அரசாங்கம் அதை ஏற்க மறுத்தது.

ஆனால் வேறொரு வரம்பு அழுத்தமாக எழுதப்பட்டது. ஆறுதல் தருவதும், துணையாக இருப்பதும், மனத்துக்கு இதமாக இருப்பதும் மட்டும் வேலை ஆகா என்பது விதி. நானூறு ஆண்டுகளாக மடிநாய் செய்துவந்த ஒரே தொழிலை, தொழிலே அல்ல என்று சட்டம் சொல்லிவிட்டது! அப்படியானால் மடிநாய்க்கு உத்தியோகம் எப்படிக் கிடைத்தது? பழக்கத்தினால் கிடைத்தது. எஜமானி அழும்போது தானாக வந்து மடியில் ஏறும் நாய், சட்டத்தின் பார்வையில் செல்லப் பிராணியே. அவளுடைய மூச்சு வேகமாவதையோ, கால் ஓயாமல் ஆடுவதையோ, விரல் நகம் தோலைக் கீறத் தொடங்குவதையோ அடையாளமாகக் கொண்டு, அந்த அடையாளம் கண்டபோதெல்லாம் மடியிலேறி மார்பின்மேல் அழுந்திப் படுக்கவும், கீறும் கையை மூக்கினால் தள்ளவும், சொல்லும்வரை இறங்காதிருக்கவும் அதே நாயைப் பழக்கிவிட்டால், அது சேவை நாய். பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். கேயஸ் சொன்ன அந்த அழுத்தமே, இன்று பழக்குகிறவர்கள் முறையாகக் கற்பிக்கும் பாடங்களுள் முதன்மையானது. தீக்கனவில் அலறுகிறவரை நக்கி எழுப்புவதும், வேளை தவறாமல் மருந்தை நினைவூட்டுவதும், சூழலை மறந்து நிற்கிறவரைத் தொட்டு உணர்வுக்குக் கொண்டுவருவதும் மற்றவை. இவற்றுள் எதற்கும் பத்து ராத்தல் நாய் போதாது என்று சொல்ல முடியாது.

இந்தக் கோடு நுட்பமானது. ஆகவே துஷ்பிரயோகத்துக்கும் இடம் தந்தது. ஆகாய விமானங்களில் மன ஆறுதல் பிராணிகளுக்கு வெகுகாலம் தனிச் சலுகை இருந்ததால், பழக்கமற்ற பிராணிகள் பலவும் ஏறலாயின. 2018-இல் நியூவார்க் விமான நிலையத்தில் ஒரு பெண்மணி மயிலுக்கு ஆசனச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து நின்றார். விமானக் கம்பெனி மறுத்துவிட்டது. முருகப்பெருமான் தமக்கு ஆகாய வாகனமாகக் கொண்ட பறவைக்கு இந்த அவமானம் நேர்ந்தது காலத்தின் கோலமே. 2021 ஜனவரி முதல் அமலான விதிகளின்படி, ஆறுதல் பிராணியை ஏற்றும் கடமை விமானக் கம்பெனிகளுக்கு இல்லை; மனநலச் சேவை நாய்க்கோ, பிற சேவை நாய்களுக்குள்ள உரிமை அனைத்தும் உண்டு, உடையவரின் காலடி இடத்துக்குள் அது அடங்கவேண்டும் என்பது ஒன்றே அளவு. போர்வீரர்களின் காரியத்தில் அரசாங்கமே தயங்கியது: படைவீரர் நலத்துறை 2012-இல் கண், செவி, உடலியக்கக் குறைகளுக்கான நாய்களுக்கு மட்டும் உதவி அறிவித்து, மனநோய்க்கான நாய்களை விலக்கியது, 2021 ஆகஸ்டு மாதத்துச் சட்டம் அந்தக் கதவைச் சோதனை முறையில் சற்றே திறந்தது.

கடையிலும் ஓட்டலிலும் சிறுநாயோடு நுழைகிறவர் படும் சங்கடம் இன்னும் தீர்ந்தபாடில்லை. சிப்பந்தி கேட்கத்தக்க கேள்விகள் இரண்டே: குறைபாட்டின் நிமித்தம் தேவையான சேவை நாயா இது, என்ன வேலைக்குப் பழக்கப்பட்டது என்பவை. சான்றிதழ் கேட்கக்கூடாது. ஆயினும், லாப்ரடாரிடம் கேட்கப்படாத கேள்வி பூடிலிடம் கேட்கப்படுகிறது. அதற்குச் சிறுநாய் வைத்திருப்பவர்களும் ஓரளவு காரணம். சாமான் தள்ளும் வண்டியில் நாயை உட்காரவைப்பதும், ஓட்டல் நாற்காலியில் ஏற்றுவதும் விதிக்கு முரணானவை. நாய் தரையில் நடக்கவேண்டும். வேலையின் நிமித்தம் தேவையானால் கையில் ஏந்திக்கொள்ளலாம்.

சிறுநாயால் ஆகாத காரியங்கள் பல உண்டு. தள்ளாடுகிறவரைத் தாங்க இயலாது. கூட்டத்தில் பின்னால் நின்று இடைவெளி காத்துக் கொடுக்க இயலாது. கீழே கிடக்கும் கனமான பொருளை எடுத்துத் தர இயலாது. நெரிசலில் மிதிபடும் அபாயம் அதற்கு எப்போதும் உண்டு. முழங்கால் சில்லு நழுவுவதும், மூச்சுக்குழல் தளர்வதும், பற்கள் சீக்கிரம் கெடுவதும் குள்ள ஜாதிகளின் குலதனம். கழுத்துப் பட்டையை விட்டு மார்புவார் பூட்டுவது அதனால்தான். டெரியர் வகையில் எலிக்குலப் பகை இன்னும் ஆறவில்லை. ஆகவே பூங்காவில் அணில் ஓடினால் வேலை மறந்துபோகும். சிறிய பூடில், பாப்பியோன் ஆகிய இரண்டும் கற்கும் திறத்தால் பெயர் பெற்றவை. ஆனாலும் ஒரு ஜாதியின் நற்பெயரைவிட ஒரு குட்டியின் சுபாவமே முக்கியம் என்பதை அனுபவஸ்தர்கள் வற்புறுத்துகிறார்கள். உலோகத் தட்டைத் தரையில் போட்டால் திடுக்கிடாத குட்டி எதுவும் இல்லை. திடுக்கிட்டபின் எத்தனை விரைவில் தேறி வந்து அந்தத் தட்டை முகர்ந்து பார்க்கிறது என்பதையே அவர்கள் கவனிக்கிறார்கள்.

இந்த வேலைக்கென்றே பிறந்ததுபோல் தோன்றும் ஜாதி ஒன்று உண்டு; அதைப் பற்றித்தான் மிகவும் யோசிக்கவேண்டியிருக்கிறது. கேயஸ் வர்ணித்த தேற்றுநாயின் நேர் வாரிசான கவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல், இரண்டாம் சார்லஸ் மன்னனின் பிரியத்தால் பெயர் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தட்டை மூக்கு நாகரிகத்துக்கு இரையாகிப் பழைய உருவை இழந்தது. 1926-இல் அமெரிக்கரான ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்பவர், பழைய ஓவியங்களில் காணும் நீண்ட மூக்குள்ள நாய்க்கு 25 பவுன் பரிசு என்று லண்டன் நாய்க் கண்காட்சியில் விளம்பரம் செய்தார். 1928-இல் அதற்கென ஒரு சங்கமும், 1945-இல் தனி ஜாதி என்ற அங்கீகாரமும் ஏற்பட்டன. மிகச் சில நாய்களிலிருந்தே இந்த ஜாதி மீட்கப்பட்டது. அவற்றின் இரத்தத்தில் இருந்த குறையும் கூடவே பெருகியது. இருதயத்தின் ஈரிதழ் வால்வு தளரும் நோய், பத்து வயதை எட்டும் கவலியர்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் பற்றுகிறது. பலவற்றுக்கு ஐந்து வயதிலேயே தொடங்கிவிடுகிறது. சேவை நாயை முழுதும் பழக்கி முடிக்க ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டுகள் செல்லும். பூடிலும் பாப்பியோனும் அதற்குப்பின் பத்தாண்டுகள் வரையிலும் வேலை செய்யலாம். கவலியரிடம் அதை எதிர்பார்ப்பது துணிச்சல். மேலும், துணையின் மரணத்தை மற்றவர்களைக் காட்டிலும் தாங்கமாட்டாதவர்கள்தாம் இந்த நாயை நாடுகிறவர்கள். ஆதலின் விவரமறிந்தவர்கள் குட்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே, அதன் தாயும் தந்தையும் இரண்டரை வயது கடந்தபின் இருதய நிபுணரால் பரிசோதிக்கப்பட்டவையா, பாட்டன் பாட்டிமார் ஐந்து வயதில் மாசற்ற இருதயத்தோடு இருந்தவையா என்று கேட்டு, எழுத்துமூலமான சான்றைக் கையில் வாங்கிப் பார்க்கிறார்கள். வளர்ப்பவர் மழுப்பினால், குட்டி எத்தனை அழகாயிருந்தாலும், பூடில் வளர்ப்பவரின் விலாசத்தைத் தேடிக்கொண்டு போய்விடுகிறார்கள்.